கட்டிலுக்காகச் சொன்னது

ஆஸ்பத்திரிக்கு அழுக்காகப் போனால் டாக்டர் மதிக்கமாட்டார் என்பது என் அம்மாவின் நம்பிக்கை. அதனால் தம்பியை அவசரப் பிரிவுக்கு அழைத்துப் போகும் ஒவ்வொரு முறையும் முதலில் அவனைக் குளிப்பாட்டுவாள். முப்பத்தொரு வயது ஆளை நாற்காலியில் உட்கார வைத்து, முகம் மழித்து, நகம் வெட்டி, தலை வாரிவிடுவாள். சட்டை என் பொறுப்பு. எங்களுடையது சலவைக்கடை. கஞ்சி போட்டு, காலர் விறைப்பாக நிற்க, கை மடிப்பு கத்தி மாதிரி இருக்க நான்தான் இஸ்திரி போட்டுக் கொடுப்பேன். ஆகவே இந்தக் குற்றத்தில் நானும் பங்காளி.

நான்கு முறை போய்த் திரும்பிய பிறகுதான் எனக்குப் புத்தி வந்தது. வீட்டுக்கு அனுப்பும்போது கொடுக்கிற தாள்களை ஒரு நாள் வரிசையாக வைத்துப் படித்தேன். நான்கிலும் முதல் வரி ஒன்றேதான். 'தோற்றம்: சுத்தமாக, நேர்த்தியாக இருக்கிறார்.' அடுத்து, 'பேச்சு: மரியாதையாக, தெளிவாக.' கடைசியில், 'உள்நோயாளியாகச் சேர்க்கத் தேவையில்லை.' மனநோய் என்று வருகிறவனை அவர்கள் முதலில் கண்ணால்தான் எடைபோடுகிறார்கள். குளிக்காமல், சட்டையில் சோறு ஒட்டிக்கொண்டு வருகிறவனைப் பார்த்துக் கவலைப்படுகிறார்கள். எங்கள் வீட்டுப் பிள்ளை பெண் பார்க்க வந்த மாப்பிள்ளை போலப் போய் நின்றான். யார் நம்புவார்கள்?

குடித்துவிட்டுப் போனால் வேறு சட்டம். போதை தெளியட்டும், பிறகு மனநல டாக்டர் பார்ப்பார் என்று நடைபாதையில் ஒரு நாற்காலியில் உட்கார வைத்துவிடுவார்கள். ஆறு மணி நேரம் கழித்துத் தெளியும். தெளிந்தவன், "ஒண்ணுமில்ல சார், தொந்தரவு குடுத்துட்டேன், நான் கிளம்புறேன்" என்று கும்பிடுவான். சரி, குடியை நிறுத்துகிற இடத்துக்கு அழைத்துப் போகலாம் என்று போனால், அங்கே இருந்தவர், "காதுல குரல் கேக்குற ஆளை நாங்க எடுக்கமாட்டோம்மா, முதல்ல அதைச் சரி பண்ணிட்டு வாங்க" என்றார். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்களே, அதுதான். குடிக்கிறவனாகவோ பைத்தியமாகவோ ஏதாவது ஒன்றாக இருக்க வேண்டுமாம். இரண்டாகவும் இருந்தால் இரண்டு வாசலிலும் இடம் கிடையாது.

அவன் குடித்ததே அந்தக் குரலை அமுக்கத்தான். குரல் அப்பாவுடையது.

அப்பா செத்து ஆறு வருஷம் ஆகிறது. கடையின் பெயர்ப்பலகையைச் சரி செய்ய ஏணியில் ஏறியிருந்தார். தம்பி கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்தான். நான் உள்ளேயிருந்து அவனைக் கூப்பிட்டேன். பெரிய காரியம் ஒன்றுமில்லை, ஒரு துணிமூட்டையைத் தூக்கி மேஜையில் வைக்க வேண்டும். இரண்டு தடவை கூப்பிட்டும் வரவில்லை. மூன்றாவது தடவை, "செவிட்டு முண்டமே, ஒரு நிமிஷம் வந்துட்டுப் போடா" என்று கத்தினேன். வந்தான். மூட்டையின் ஒரு காதை அவன் பிடித்தான், இன்னொரு காதை நான் பிடித்தேன். அப்போதுதான் வாசலில் சத்தம் கேட்டது.

அப்பா இரண்டு நாள் பேச்சில்லாமல் கிடந்து போனார். ஏணியைப் பிடித்தது யார் என்று எல்லோரும் கேட்டார்கள். "நான்தான், விட்டுட்டேன்" என்றான். ஏன் விட்டாய் என்று ஒருவரும் கேட்கவில்லை. நான் சொல்லியிருக்கலாம். முதல் வாரம் வாய் வரவில்லை. பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தேன். நான் கூப்பிட்டதே அவனுக்கு நினைவில்லை என்று கொஞ்ச நாளில் தெரிந்தது. அந்த அதிர்ச்சியில் அழிந்துபோயிருந்தது. எனக்கு அது வசதியாகப் போயிற்று. வெட்கக்கேடுதான், ஆனால் உண்மை அது.

இரண்டு வருஷம் கழித்துக் குரல் ஆரம்பித்தது. 'ஏணியை விட்டுட்டியேடா' என்று அப்பா சொல்கிறார் என்றான். என்னிடம் மட்டும்தான் சொன்னான். நான் இஸ்திரிப் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு அவன் முகத்தைப் பார்த்துச் சொன்னேன்.

"நான் உள்ள இருந்து பார்த்துட்டுதான் இருந்தேன். நீ விடலடா. ஏணி வழுக்கிடுச்சு."

"பார்த்தியா?"

"பார்த்தேன்."

"அப்ப அது பொய் சொல்லுது."

"பொய்தான் சொல்லுது."

அன்று அவன் சாப்பிட்டான். அதிலிருந்து தினமும் இதே பேச்சு. ஒரு நாளைக்கு இருபது தடவை கூட வந்து நிற்பான். "அக்கா, இன்னொரு தடவ சொல்லு." சொல்வேன். சில சமயம் எரிச்சலில், துணிக்கு அடையாளம் குத்துகிற குண்டூசிகளை வாயில் வைத்துக்கொண்டே சொல்வேன். எப்படிச் சொன்னாலும் போதும் அவனுக்கு. மாத்திரை கேட்கவில்லை, மந்திரம் கேட்கவில்லை, என் வாய்ச்சொல்லைத்தான் கேட்டான். உலகத்தில் அவன் நம்பிய ஒரே சாட்சி நான். சாட்சி சொன்னதே பொய் என்பது எனக்கு மட்டும் தெரியும்.

ஐந்தாவது முறை ஒழுங்காகப் போவது என்று நான் முடிவு செய்தேன். தெளிவாக வந்தால்தான் மனநல டாக்டர் பார்ப்பார் என்றால் தெளிவாகவே கொண்டுபோகலாம். அவன் ஒளித்துவைத்திருந்த பாட்டில்களையெல்லாம் தேடி எடுத்துச் சாக்கடையில் கவிழ்த்தேன். மூன்று நாள் வீட்டைவிட்டு வெளியே விடவில்லை. கை நடுங்கியது, தூக்கம் போயிற்று. குடி இல்லாததால் குரலுக்குக் கொண்டாட்டம். நான்காம் நாள், செவ்வாய்க்கிழமை காலை, மொட்டைமாடியில் தண்ணீர்த் தொட்டியின் மேல் நின்றுகொண்டிருந்தான். குளிக்கப் போய்ச் சேற்றைப் பூசிக்கொண்ட கதை.

கீழே நின்று பேசினேன். நான் பார்த்தேன்டா, நீ விடலடா, பார்த்தேன்டா என்று தொண்டை வற்றும் வரை சொன்னேன். இறங்கி வந்தான். வந்தவன் என் தோளில் கைவைத்துக்கொண்டு சாதாரணமாகச் சொன்னான்.

"அப்பா மேல ஏறச் சொல்றாருக்கா. அங்கிருந்து நேரா அவர்கிட்ட வந்துடலாமாம். நாளைக்கும் சொல்வாரு."

இன்றைக்கு இவனைச் சேர்க்காமல் வீட்டுக்குத் திரும்பினால் நாளைக்கு இவன் இல்லை. அதில் எனக்குச் சந்தேகமே வரவில்லை.

"அம்மா, இன்னிக்கு இவனைக் குளிப்பாட்டாத. அப்படியே வரட்டும்" என்றேன்.

"மூணு நாளா குளிக்கலடி. நாத்தம் அடிக்குது. நாலு பேரு என்ன நினைப்பாங்க?"

"நாத்தம்தான்மா வேணும். நாறட்டும்."

வண்டி பிடிக்கத் தெருமுனைக்குப் போய்த் திரும்புவதற்குள் அம்மா காரியத்தை முடித்துவிட்டாள். ஈரத் தலையை வகிடெடுத்து வாரி, வாடிக்கையாளர் ஒருவருக்காக நான் இஸ்திரி போட்டு வைத்திருந்த வெள்ளைச் சட்டையை மாட்டி, வாசலில் நிறுத்தியிருந்தாள். "இப்பதான் ஆள் மாதிரி இருக்கான்" என்றாள். அவளைக் கொன்றுபோடலாம் போலிருந்தது. நேரமில்லை, வண்டியில் ஏற்றினேன்.

அவசரப் பிரிவில் பதினொரு மணிக்கே கூட்டம் பிதுங்கியது. பதிவு மேஜை, அதற்கு அடுத்து முதல் சோதனை செய்கிற கண்ணாடி அறை, எதிரே இரும்பு நாற்காலி வரிசை. எல்லாம் எங்களுக்கு மனப்பாடம். கண்ணாடி அறை நர்ஸ் எங்களைப் பார்த்ததும் பக்கத்திலிருந்தவளிடம் திரும்பி, "இஸ்திரிச் சட்டை வந்தாச்சு" என்றாள். இருவரும் சிரித்தார்கள். என் காதில் விழுந்ததைப் பற்றி அவர்களுக்குக் கவலையில்லை. தம்பியின் காதிலும் விழுந்தது, அவனும் கூடச் சேர்ந்து சிரித்தான்.

நர்ஸ் தாளைப் பார்த்துக் கேள்விகளை வாசித்தாள்.

"சாகணும்னு தோணுதா?"

"இல்லைங்க மேடம்."

அது பொய்யில்லை. சாக வேண்டும் என்று அவனுக்குத் தோன்றவில்லை. அப்பா கூப்பிடுகிறார், போக வேண்டும், அவ்வளவுதான். தாளில் அப்படி ஒரு கேள்வி இல்லை.

"யாரையாவது அடிக்கணும், எதையாவது உடைக்கணும்னு?"

"சேச்சே."

"குடிச்சிருக்கீங்களா?"

"மூணு நாளா இல்லைங்க."

"ரொம்ப நல்லது. கை ஏன் நடுங்குது, சாப்பிடலையா?"

நான் குறுக்கே புகுந்தேன். தொட்டியைச் சொன்னேன், அப்பா ஏறச் சொன்னதைச் சொன்னேன். நர்ஸ் அவனைப் பார்த்தாள். "தொட்டி மேல எதுக்கு ஏறினீங்க?" அவன் என்னை ஒரு தடவை பார்த்தான். வெளியாளிடம் சொல்லக் கூடாது என்பது அப்பாவின் உத்தரவு, அது எனக்கு அப்புறம்தான் தெரியும். "தண்ணி இருக்கான்னு பார்க்கத்தான் மேடம். அக்கா பயந்துட்டா" என்றான். பேனா அதை எழுதிக்கொண்டது.

டாக்டர் சின்ன வயசு. கண்ணில் தூக்கம். இரண்டு நிமிஷம் பேசினார்.

"நல்லாத்தான் பேசுறாரு. மூணு வாரம் கழிச்சு வெளிநோயாளிப் பிரிவுக்கு வாங்க, எழுதித் தர்றேன்."

"மூணு வாரம் தாங்காது டாக்டர். இன்னிக்கே சேத்துக்குங்க."

"அம்மா, வார்டுல ஒரே ஒரு கட்டில்தான் காலி. அதை இவருக்குக் குடுத்துட்டா, நிஜமா முடியாம வர்றவங்களுக்கு என்ன பண்ணுவேன்? தாள் ரெடியாகப் பத்து நிமிஷம் ஆகும், உட்காருங்க."

எதிர் அறையில் ஒருவனைக் கட்டிலோடு சேர்த்துக் கட்டியிருந்தார்கள். சற்று முன்னால் வந்தவன், வந்த வேகத்தில் ஒரு ஜன்னலை உடைத்தானாம். அவனுக்கு ஒன்றுக்கு மூன்று பேர் ஓடி ஓடிக் கவனித்தார்கள். அந்தப் பக்கமாகப் போன அதே கண்ணாடி அறை நர்ஸ் என்னருகில் நின்று, குரலைத் தாழ்த்தி, "நான் சொன்னதா வெச்சுக்காதீங்க. இங்க சத்தம் போட்டாத்தான் கட்டில். உங்க தம்பி ரொம்ப நல்லவரு, அதுதான் உங்களுக்குக் கேடு" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

பத்து நிமிஷம். அதற்குள் அவன் கெட்டவனாக வேண்டும்.

முதலில் சில்லறையாக ஆரம்பித்தேன். குடிகாரா என்றேன். தண்டச்சோறு என்றேன். அக்கா சம்பாதித்துப் போட உட்கார்ந்து தின்கிறாயே, மானமில்லையா என்றேன். "ஆமாக்கா" என்றான். இந்தக் குடியைப் பார்த்து உன் பெண்டாட்டி உன்னை விட்டு ஓடிப்போனதில் என்ன தப்பு என்றேன். "அவ நல்லவக்கா" என்றான். அவன் தொடையைக் கிள்ளித் திருகினேன். "வலிக்குதுக்கா" என்று காலை நகர்த்திக்கொண்டான். இடித்துவைத்த புளி மாதிரி உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் அம்மா, எனக்கு என்ன கேடு வந்தது என்று வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அவனை வீட்டுக்கு அனுப்புகிற தாள் அச்சாகும் சத்தம் உள்ளே கேட்டது.

என் கையில் இன்னும் ஒன்றே ஒன்று பாக்கி இருந்தது. அதன் கனம் எனக்குத் தெரியாது என்று சொல்லமாட்டேன். நெருப்பு என்று சொன்னால் வாய் வெந்துவிடுமா என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இன்று சொல்லிக் கட்டிலை வாங்குவோம், அவன் தேறியதும் இல்லையென்று சொல்லிவிடுவோம். கறை எடுப்பது என் தொழில். சொல்லையும் அப்படி எடுத்துவிடலாம் என்று நினைத்தேன்.

எழுந்து அவன் முன்னால் நின்றேன். அந்தக் கூடமே கேட்கும்படி கத்தினேன்.

"டேய், இத்தனை வருஷமா நான் உன்கிட்ட பொய் சொன்னேன். அன்னிக்கு நான் பார்த்துட்டுதான் இருந்தேன். நீதான்டா ஏணியை விட்டே. நீதான் அப்பாவைக் கொன்னே. அப்பா சொல்றதுதான் சரி!"

"அடிப்பாவி" என்றாள் அம்மா.

அடிப்பான் என்று கன்னத்தைக் கொடுத்துக்கொண்டு நின்றேன். அடித்திருந்தால் நன்றாயிருந்திருக்கும். அவன் என்னை அண்ணாந்து பார்த்தான். அந்த முகத்தில் கோபமே இல்லை. வெகு நாளாகத் தேடியதைக் கண்டெடுத்தவன் முகம் அது.

"அப்படியா?" என்றான். பிறகு, "அப்பாவைப் பொய்யர்னு சொல்லிட்டு இருந்தேனே" என்றான்.

எழுந்து, நாற்காலியை ஒழுங்காகத் தள்ளி வைத்துவிட்டு, பதிவு மேஜைக்குப் பக்கத்துச் சுவரிடம் போனான். அதில் தலையை மோதினான். முதல் மோதலை யாரும் புரிந்துகொள்ளவில்லை. இரண்டாவதில் பதிவு மேஜைக்காரி அலறினாள். ஐந்தாவதற்குள் காவலாளி பாய்ந்து பிடித்துவிட்டான். வெள்ளைச் சட்டை முன்பக்கம் முழுக்க ரத்தம். டாக்டர் கையில் தாளோடு ஓடி வந்தார். அந்தத் தாளை அங்கேயே கசக்கி எறிந்தார்.

"கட்டில்! அந்தக் கட்டிலைச் சொல்லுங்க!"

படுக்கவைத்துத் தைக்கும்போது கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் சொன்னான். ஆமாம், அப்பா பேசுகிறார். ஆமாம், மேலே ஏறச் சொல்கிறார். இனி மறைப்பதற்கில்லை, அக்காவும் ஒப்புக்கொண்டுவிட்டாள். டாக்டர் எழுதினார், எழுதினார், பக்கம் திருப்பி எழுதினார். ஐந்து முறை வந்ததில் அந்தப் பேனா இவ்வளவு தூரம் ஓடியதை நான் பார்த்ததில்லை. "நல்லவேளை, நேரத்துக்குக் கூட்டிட்டு வந்தீங்க" என்று என்னைப் பாராட்டவும் செய்தார்.

நர்ஸ் மட்டும் என்னை நிமிர்ந்து பார்த்தாள். "கெட்டிக்காரி" என்றாள். பாராட்டா, திட்டா என்று அவளுக்கே தெரிந்திருக்காது. அம்மா அதற்குள் ஃபோனில் சித்தியிடம், கட்டில் கிடைத்துவிட்டது, இந்த டாக்டர் தங்கமான மனுஷன் என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

பன்னிரண்டாம் நாள் வார்டின் பெரிய டாக்டர் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். வயதான பெண்மணி, பொறுமையாகப் பேசினார். மருந்து வேலை செய்கிறது, தூங்குகிறான், கை நடுக்கம் நின்றுவிட்டது, குடியின் நினைப்பு குறைந்திருக்கிறது. குரல் நின்றுவிட்டதாகச் சொல்கிறான்.

"ஆனா ஒண்ணு மட்டும் அசைய மாட்டேங்குது. அப்பா சாவுக்கு நான்தான் காரணம்னு அடிச்சுச் சொல்றாரு. எங்க அக்கா கண்ணால பார்த்தவங்கன்னு சொல்றாரு. நீங்க பேசினாத்தான் சரியா வரும்."

அவன் கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தான். நெற்றியில் ஏழு தையல். என்னைக் கண்டதும் நகர்ந்து இடம் கொடுத்தான். பழைய பொய்யைச் சொல்லலாமா என்று ஒரு கணம் யோசித்தேன். முடியாது, அதை நானே கூடத்தில் வைத்துக் கொன்றுவிட்டேன். மிச்சமிருந்தது உண்மை ஒன்றுதான். ஆறு வருஷத்தில் முதல் தடவையாக அதை எடுத்தேன்.

"நான்தான்டா உன்னைக் கூப்பிட்டேன். மூட்டையைத் தூக்கணும்னு கூப்பிட்டேன். நீ வரல. மூணு தடவை கூப்பிட்டேன். செவிட்டு முண்டமேன்னு திட்டினேன். அதனாலதான் ஏணியை விட்டுட்டு உள்ள வந்தே. மூட்டையோட ஒரு காதை நீ பிடிச்சிருந்தே, அப்பதான் சத்தம் கேட்டுச்சு. நான் எதையும் பார்க்கல. நான் கூப்பிடாம இருந்திருந்தா அப்பா இருந்திருப்பாரு. நான்தான்டா காரணம், நீ இல்ல."

சொல்லச் சொல்ல ஓவென்று அழுதேன். அவன் கடைசி வரை குறுக்கிடாமல் கேட்டான். பிறகு என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துத் தட்டிக் கொடுத்தான்.

"டாக்டர் இப்படிச் சொல்லச் சொன்னாங்களா?"

"இல்லடா. சத்தியமா இல்ல."

"எனக்காகப் பழியை உன் தலையில போட்டுக்காதக்கா."

"நிஜம்டா. நினைச்சுப் பாரு. மூட்டை. நீல மூட்டை."

நினைத்துப் பார்த்தான். எனக்காகக் கண்ணை மூடிக்கூடப் பார்த்தான். தலையை ஆட்டினான்.

"இல்லக்கா. நீ எப்பவும் எனக்காகப் பொய் சொல்றவ. ஒரே ஒரு தடவைதான் உண்மையைச் சொன்னே, அன்னிக்கு, அத்தனை பேர் முன்னால. அதுக்காக உன்மேல எனக்குக் கோபமே இல்ல." குரலைத் தாழ்த்தினான். "அப்பாவும் அதையேதான் சொல்றாரு. உன்னைத் திட்டக் கூடாதுன்னு சொல்றாரு. வெளியாள்கிட்ட மட்டும் மறுபடியும் சொல்லாதேன்னு இருக்காரு."

நான் டாக்டரிடம் ஓடினேன். குரல் நிற்கவில்லை, இப்போதுகூடக் கேட்கிறது, என்னிடமே சொன்னான் என்றேன். அவர் உடனே எழுந்து என்னோடு வந்தார். கட்டில் பக்கத்தில் நின்று அவனைக் கேட்டார்.

"இல்லைங்க மேடம்" என்றான், எழுந்து நின்று, மரியாதையாக. "போன வாரமே நின்னுடுச்சு. அக்காவுக்குப் பயம், பாவம்."

டாக்டர் என் முதுகில் கைவைத்து நடைபாதைக்கு அழைத்து வந்தார். வீட்டுக்கு அனுப்புகிற சமயத்தில் கூட இருப்பவர்களுக்குப் பதற்றம் வருவது சகஜம், தூக்கத்துக்கு வேண்டுமானால் உங்களுக்கும் ஒரு மாத்திரை எழுதித் தருகிறேன் என்றார். நாளைக் காலை பத்து மணிக்கு வந்து அவனை அழைத்துப் போக வேண்டும். கட்டில் வேறொருவருக்குத் தேவைப்படுகிறதாம்.